குசினிச் சீலிங்கைச் சுரண்டுவதற்கு முன்

தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் பழைய வீடுகளில் குசினிச் சீலிங் கறுத்துப்போனால், "எனாமல் அடியுங்கள், பிறகு துடைக்கலாம்" என்பதுதான் வழக்கமான ஆலோசனை. துடைக்கலாம் என்பது சரி. ஆனால் அந்த டின்னில் ஈயம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

ஈயம் கலந்த பெயின்ற் விரைவாகக் காயும், மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று நிற்கும். அதன் தூசு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் இதை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2011 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் பணிப்புரை வெளியிட்டது. 2013 ஜனவரி 1 முதல் எமல்ஷனில் கிலோவுக்கு 90 மில்லிகிராம், எனாமலில் 600 மில்லிகிராம் என்று வரம்பு வந்தது. உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெயின்ற்றுக்கும் 90 ஐத்தான் சொல்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, கழுவக்கூடிய வெள்ளை எமல்ஷனே என் தெரிவு.

புது டின்னைவிடப் பழைய பூச்சே பெரிய ஆபத்து. 2013 க்கு முன் அடித்த எனாமலை பாஸ் நனைக்காமலே சாண்ட்பேப்பரால் தேய்த்தால், ஈயத்தூசு அடுப்பிலும் அரிசிப் பானையிலும் வந்து படியும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பாத்திரங்களை வெளியே எடுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போகவேண்டாம். கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் சுரண்டவே கூடாது, துளைக்கவும் கூடாது. அதன் நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். 2024 க்குள் அஸ்பெஸ்டஸை நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்றுவந்த ரஷ்யா ஒரு வண்டைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் அந்தக் கட்டுப்பாடு தள்ளிப்போனது. தேயிலைக்காக நம் நுரையீரலை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. உடையாத தகட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, காரம் தாங்கும் பிரைமர் அடித்து, மேலே எமல்ஷன் பூசினால் நாரும் உள்ளேயே அடங்கும்.

தாளிப்புப் புகைக்கறையில் பிசுக்குப் போகாமல் பெயின்ற் ஒட்டாது. மஞ்சள் வளையமாகத் தெரிவது தண்ணீர்க் கறை. கறையை அடக்கும் பிரைமர் இல்லாவிட்டால் எத்தனை கோட் எமல்ஷன் அடித்தாலும் மேலே வரும். ஒழுக்கை நிறுத்தாமல் பிரைமரும் வீண். தொடர்மாடியில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகினால் முதலில் படம் எடுத்து, அந்த வீட்டுக்காரருக்கும் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் போகலாம்.

கடையில் பில் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும். தரநிலைக்கோ உத்தரவாதத்துக்கோ மாறான பெயின்ற் என்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்; விசாரிக்க 1977 இலக்கம் இருக்கிறது. தொகுதி இலக்கம் தெரியும்படி டின்னையும் அதுவரை எறியவேண்டாம்.