கிணற்றடியில் நிற்கும் பிள்ளை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே கசிந்து நிலத்தடியில் தங்குகிறது. கிணறு தோண்டி அந்நீரையே மக்கள் பருகுகின்றனர், அதனாலேயே பயிர் வளர்க்கின்றனர், அதிலேயே நீராடுகின்றனர். ஆதலின் இங்கு வீட்டின் வாழ்வு கிணற்றடியைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

அத்தகைய கிணற்றடி ஒன்றில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் விடியற்காலை முதல் நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். கைகளுக்குச் சவர்க்காரம் தேய்க்கிறான், கழுவுகிறான், மீண்டும் தேய்க்கிறான். புறங்கைத் தோல் வெடித்துச் சிவந்திருக்கிறது. பாடசாலை மணி அடித்து அரை மணி நேரம் கழிந்துவிட்டது. தகப்பன் படலையடியில் நின்று சினத்தோடு கூப்பிடுகிறான். தாய், ஒருமுறை தோய்த்து உலர்த்திய துவாயை இரண்டாம் முறையும் தோய்த்துக் கொண்டுவருகிறாள். “என்ரை கை இப்ப சுத்தம்தானே அம்மா? இன்னும் ஒருக்காச் சொல்லுங்கோ” என்று பிள்ளை கெஞ்சுகிறான். “சுத்தம் ராசா, சுத்தம்” என்று அவள் பத்தாவது முறையும் சொல்கிறாள். வைத்தியரிடம் போவோம் என்று பேச்செடுத்தாலோ, “எனக்கென்ன விசரே?” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அவன் சொல்வது உண்மையே. அவனுக்கு விசர் இல்லை. தான் செய்வது மிகை என்பதை அவனே பெரும்பாலும் அறிவான். அறிந்தும் நிறுத்த இயலாமையே அவன் துன்பம். மருத்துவர்கள் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர், ஓ.சி.டி. என்ற எழுத்துகளாலும் இன்று பலர் குறிப்பிடுகின்றனர். நூறு பிள்ளைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நோய் உண்டாகலாம் என்று பல நாடுகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. இது பெற்றோர் வளர்ப்பின் குறையால் வருவதன்று. பரம்பரையாக வரும் இயல்பும், மூளை வேலை செய்யும் விதமும் இதில் பங்கு கொள்கின்றன.

நோயின் போக்கு ஒரு வட்டத்தைப் போன்றது. அழையாத எண்ணம் ஒன்று வருகிறது: ‘கையில் கிருமி இருக்கிறது, அதனால் அம்மா செத்துவிடுவாள்.’ எண்ணத்தைத் தொடர்ந்து அச்சம் எழுகிறது. அச்சத்தைத் தணிக்க ஒரு செயல்: கழுவுதல், கதவைத் திரும்பத் திரும்பப் பார்த்தல், எண்ணுதல், எழுதியதை அழித்து எழுதுதல், ஒரே வினாவைக் கேட்டுக்கொண்டிருத்தல். செயல் முடிந்ததும் சிறிது ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே கேடாய் முடிகிறது. ‘கழுவியதால்தான் தப்பினோம்’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கழுவச் சொல்கிறது. சிரங்கைச் சொறிவது போன்றதே இது. சொறியும்போது சுகம், சொறிந்தபின் முன்னைவிட நமைச்சல்.

நம் நாட்டில் இந்நோய் வேறு உருவங்களில் மறைந்துகொள்வதும் உண்டு. துடக்கு வீட்டுக்குச் சென்று வந்தால் தலைமுழுகுவது வழக்கம். கோயிலுக்குப் போகுமுன் நீராடுவதும் வழக்கம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு பக்கத்தை மூன்று முறை எழுதினால் அதனைக் கருத்துள்ள பிள்ளை என்று பாராட்டுவதும் வழக்கமே. வழக்கத்திற்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு யாதெனில், வழக்கத்திற்கு ஒரு முடிவு உண்டு. தலைமுழுகியவன் தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறான். நோயுற்றவனுக்கோ முடிந்தது என்ற நிறைவு வருவதில்லை. இவ்வகை எண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் பிடித்துக்கொண்டால், அல்லது படிப்பையும் உறக்கத்தையும் உறவையும் குலைத்தால், அதனை நோய் என்று ஐயுறவேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் கழுவுவதில்லை. சிலர் மனத்தில் தெய்வ நிந்தனையான சொற்கள் எழும்; சிலருக்குத் தம்பி தங்கையைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்ற எண்ணம் வரும். வெளியே சொல்ல முடியாத இவ்வெண்ணங்களால் பிள்ளை தன்னையே பாவி என்று கருதி ஒடுங்கிவிடுகிறது. இவ்விடயத்தில் பெரிய ஆறுதலை அளித்த ஆய்வொன்றைச் செய்தவர்களுள் ஒருவர் இலங்கையில் பிறந்தவர் என்பது அறியத்தக்கது. லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா, ஸ்டான்லி ராக்மனுடன் சேர்ந்து 1978ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். எந்த நோயும் இல்லாத சாதாரண மக்களை வினவியபோது, அவர்களில் பெரும்பாலோருக்கும் இத்தகைய கொடிய எண்ணங்கள் இடையிடையே வருவது தெரிந்தது. அவர்கள் அவற்றைப் பொருட்படுத்தாது விட்டனர். எண்ணங்களும் வந்தவழியே போயின. நோயாளியோ எண்ணத்தைச் செயலுக்கு நிகராகக் கருதி அதனோடு போராடுகிறான். ஆகவே எண்ணம் வந்தமை குற்றமன்று. இதைப் பிள்ளையின் காதில் ஒருமுறை போட்டுவைத்தல் பெருநன்மை தரும்.

இனி, பிள்ளை ஏன் உதவியை மறுக்கிறான் என்று ஆராய வேண்டும். முதலாவது காரணம் வெட்கம். மனநோய் வைத்தியரிடம் போனதை ஊர் அறிந்தால் என்ன சொல்லும், நாளைக்குத் திருமணப் பேச்சில் என்ன வரும் என்று பெரியவர்களே அஞ்சும் இடத்தில், பதினைந்து வயதுப் பிள்ளை அஞ்சுவதில் வியப்பில்லை. இரண்டாவது, எண்ணத்தை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்ற பயம். மூன்றாவது, வைத்தியர் தன்னைக் கழுவவிடாமல் தடுப்பார் என்ற கலக்கம். அவனுக்கு உள்ள ஒரே புகலிடம் அதுவன்றோ? நான்காவது காரணத்தைப் பெற்றோர் எளிதில் காண்பதில்லை. வீட்டிலுள்ளோர் அனைவரும் நோய்க்குப் பணிவிடை செய்வதால், நோயோடு வாழ்வது அவனுக்கு ஒருவாறு இயலக்கூடியதாய் இருக்கிறது. தாய் துவாயை மறுபடி தோய்க்கிறாள். தங்கை அவன் கதிரையைத் தொடாமல் சுற்றிப் போகிறாள். தகப்பன் பாடசாலைக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறான். எல்லாம் அன்பினால் செய்பவையே. ஆனால் அவ்வன்பு பிள்ளைக்குச் சேராமல் நோய்க்கு இரையாகிறது.

நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதில் ஐயமில்லை. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர் என்பவர் இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் ஒருவர் இடைவிடாது கழுவும் ஆசிரியை. அவர் அறையின் தண்ணீர்க் குழாய்கள் நிறுத்தப்பட்டன. செவிலியர் உடனிருந்து, அஞ்சும் பொருள்களைத் தொடச் செய்து, கழுவாமல் இருக்க உதவினர். பயம் உச்சத்திற்கு ஏறிற்று. பின்னர் தானாகவே இறங்கிற்று. கழுவாமலும் பயம் தணியும் என்பதை மனம் அனுபவத்தால் கற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும் நடைபெறும் பயிற்சிச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததே. இக்காலத்தில் நோயாளியின் இணக்கத்தோடு, சிறிய அச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய அச்சத்திற்குச் செல்கின்றனர். சேர்ட்ரலீன், புளுவொக்சமீன் முதலிய மருந்துகளும் உண்டு. அவற்றின் முழுப் பயன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் செல்லலாம். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 112 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரங்களின் பின், மருந்தும் பயிற்சியும் ஒருங்கே பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயின் பிடியிலிருந்து ஏறக்குறைய விடுபட்டிருந்தனர். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 21 பேரும், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 4 பேரும் அந்நிலையை எய்தினர்.

ஆயினும் பிள்ளை வர மறுத்தால் இச்சிகிச்சைகளால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பர். அவனைக் கட்டி இழுத்துச் செல்வதும், குழாயைப் பூட்டுவதும், தண்ணீர் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்துவதும் சிகிச்சை ஆகா. அந்த ஆசிரியைக்குப் பயிற்சி பெற்றோர் துணையிருந்தனர்; இங்கோ வெறும் வன்முறையே மிஞ்சும். அதற்காகக் கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. பிள்ளையின் செயலைப் பெற்றோரால் மாற்ற இயலாது. தம் செயலை மாற்ற இயலும். இந்தக் கருத்தின் மீதே யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி லெபோவிட்ஸ் ஒரு முறையை அமைத்தார். அதில் சிகிச்சைக்கு வருவோர் பெற்றோர் மட்டுமே. அச்ச நோயுள்ள 124 பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவில், பெற்றோர் மட்டும் பயிற்சி பெற்ற முறை, பிள்ளைகளுக்கு நேரே அளித்த சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று காணப்பட்டது. அவ்வாய்வு பொதுவான அச்ச நோய்களைப் பற்றியதாயினும், அதே முறை எண்ணச் சுழற்சி நோய்க்கும் கையாளப்படுகிறது.

அதைத் தொடங்கும் வழி எளிது. நிலைத்து நிற்பதே கடினம். முதலில் தாயும் தகப்பனும் ஒரு வாரம் பார்த்து, நோய்க்காகத் தாம் செய்யும் பணிவிடைகளை எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துதல் கொடுமையாகும். பின், கிணற்றடிச் சண்டை நடக்கும் வேளையில் அன்றி, மனம் அமைதியாய் இருக்கும் ஒரு மாலை நேரத்தில், முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

“தம்பி, உன்ரை மனம் உன்னைப் படுத்திற பாடு எங்களுக்குத் தெரியுது. நீ அதைத் தாங்குவாய் எண்டும் நம்புறம். இவ்வளவு நாளும் நீ கேட்ட நேரமெல்லாம் ‘சுத்தம்’ எண்டு சொன்னம். அது உன்ரை பயத்துக்குத்தான் தீன் போட்டது. திங்கட்கிழமையிலையிருந்து ஒருதரம்தான் சொல்லுவம். பிறகு கேட்டாலும் சொல்லமாட்டம். கோவத்திலை இல்லை, உன்னிலை உள்ள அன்பிலைதான்.”

இதனைத் தாளில் எழுதிக் கையில் கொடுப்பதும் நல்லது. வாக்குவாதத்திற்கு இடம் குறையும். முதல் நாள்களில் பிள்ளை முன்னைவிட அதிகமாகக் கேட்பான், அழுவான், கதவை உதைக்கவும் கூடும். அப்போது தாய் ஒருநாள் இரங்கி விடை சொல்லிவிட்டால், ‘இன்னும் உரக்க அழுதால் விடை கிடைக்கும்’ என்பதே அவன் கற்கும் பாடமாகும். நமது வீடுகளில் அம்மம்மா, மாமி, பெரியம்மா என்று பலர் உளர். தாய் மறுத்த விடையை அம்மம்மா அடுக்களையில் இரகசியமாகச் சொல்லிவிடுவதும் நிகழும். ஆதலால் அவர்களையும் முதலிலேயே இருத்திப் பேசி ஒருமித்து நடத்தல் அவசியம். பிள்ளை ஐந்து நிமிடம் கேளாமல் பொறுத்திருந்தால் அதனைக் கண்டு பாராட்டவேண்டும். ஏளனம், தண்டனை, பிற பிள்ளையோடு ஒப்பிடுதல் ஆகியவற்றை விலக்க வேண்டும். நோயைப் பற்றியன்றி வேறு எதைப் பற்றியும் பேசும் நேரம் நாள்தோறும் ஒன்று இருத்தல் வேண்டும். அவன் விரும்பும் துடுப்பாட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவன் நோயாளி அல்லன், வீட்டுப் பிள்ளை.

இவற்றைப் பெற்றோர் தனியே செய்யவேண்டியதில்லை. பிள்ளை வராவிடினும் தாங்கள் போய் ஆலோசனை பெறலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. போர்க்காலத்தில் தோன்றிய சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணை அளித்து வந்துள்ளன. ‘நாங்கள் உனக்கு எப்படி உதவுவது என்று கேட்கப் போகிறோம்; நீ விரும்பினால் வரலாம்’ என்று சொல்லிவிட்டுப் போகும் தாய் தகப்பனைக் கண்டு, சில வாரங்களில் தானே உடன் செல்லும் பிள்ளைகளும் உண்டு. காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. பிள்ளை சாகப்போவதாகச் சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்தினாலோ, உண்ணவும் பருகவும் மறுத்தாலோ, அவன் இணக்கத்தை எதிர்பாராது அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

குணம் ஒரே நாளில் வருவதன்று. ஒரு காலை அவன் வழக்கம்போலக் கேட்பான்: “சுத்தம்தானே அம்மா?” தாய் ஒருமுறை விடை சொல்வாள். அவன் இரண்டாம் முறை கேட்பான். அவள் வாய் திறவாமல், அவன் அருகே கிணற்றுக் கட்டில் அமர்ந்திருப்பாள். அவ்விடத்தை விட்டுப் போகவும் மாட்டாள். நோய் கேட்பதைக் கொடுக்கவும் மாட்டாள். அந்த மௌனத்தில் பயம் ஏறி, நின்று, மெல்ல இறங்கும். அன்று பாடசாலைக்கு அரை மணி பிந்தியவன் கால் மணி மட்டுமே பிந்துவான். அந்தக் கால் மணி நேரமே வெற்றியின் தொடக்கம்.