அலையாக நின்ற மாணவர்கள்

1980ஆம் ஆண்டு கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை நாடகமாகவும் பாட்டாகவும் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. அங்கே நடித்தவர் சிலர், பார்த்தவர் பலர். வகுப்பறை நாடகத்திலோ ஒருவர்கூடப் பார்வையாளராக இருக்கலாகாது என்பேன். காரணம் இதுதான்.

ஒலி பரவுவதை நடித்துக் காட்டும்படி பன்னிரண்டு மாணவர்களிடம் கூறுங்கள். பெரும்பாலும் ஒருவன் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடுவான். "நான்தான் ஒலி" என்பான்! காற்றே வாயிலிருந்து காதுவரை பயணம் செய்கிறது என்று அவன் எண்ணியிருப்பது அப்போதுதான் வெளிப்படும். தேர்வுத்தாளில் இது தெரியாது. அங்கே மனப்பாடம் செய்த வரையறையை எழுதிவிடுவான்.

இனி எல்லோரையும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, முன்னிருப்பவர் தோளில் கை வைக்கச் செய்யுங்கள். கடைசி மாணவன் மெல்லத் தள்ளட்டும். தள்ளல் வரிசையின் முன்முனைவரை செல்லும். மாணவர்களோ தத்தம் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைவார்கள். நடுவில் நால்வரை விலக்கினால் தள்ளல் நின்றுவிடும். வெற்றிடத்தில் ஒலி பரவாததும் இப்படித்தான். முழங்கைகளை விறைப்பாக வைத்தால் தள்ளல் விரைவாகச் செல்லும். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் 5000 மீட்டருக்கு மேல் செல்வது இத்தகைய விறைப்பினால்தான். (அடர்த்தியினால் அன்று; அடர்த்தி வேகத்தைக் குறைக்கவே செய்யும்.)

ஓடிய மாணவனை மறவாமல் வரிசையின் நடுவில் நிறுத்துங்கள்.