வெப் சர்வர் அப்டேட்: கறுப்புத் திரையில் ஒரு பராமரிப்பு வேலை

நம் சங்கத்து வெப்சைட்டில் அதிகம் பேர் பார்ப்பது வரன் பகுதியைத்தான் என்பது ஊரறிந்த ரகசியம். பெண்ணின் பிறந்த தேதி, நட்சத்திரம், வேலை, அப்பாவின் போன் நம்பர், திருப்பூணித்துறையில் எந்தத் தெரு என்பது வரை அதில் இருக்கிறது. ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியலும் அங்கேதான். இவையெல்லாம் சங்கக் கட்டடத்து அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. மாத வாடகைக்கு எடுத்த, எங்கோ ஒரு ஊரில் இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூன்று வருடமாக என்னிடம். "மாதா மாதம் உட்கார்ந்து அதில் என்னதான் செய்கிறீர்கள், சார்?" என்று சென்ற கமிட்டியில் ஓர் அம்மாள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்குப் பதில்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். டிப்ளமோக்காரன். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படித்ததில்லை. ஆனால் வெப் சர்வர் என்பது ஸ்டேஷன் மாஸ்டரைப் போல ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடுகிறது. வெளியிலிருந்து "இந்தப் பக்கம் வேண்டும்" என்று கேட்டு வருகிறவர்களுக்கு, கொடுக்கலாமா கூடாதா என்று பார்த்து, எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் அது. நம் சர்வரில் இருப்பது அப்பாச்சி. 1995-ல், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மையத்தில் எழுதப்பட்ட பழைய சர்வர் மென்பொருளுக்குச் சிலர் சேர்ந்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு உருவாக்கியது. ஒட்டுப்போட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே பெயர் வந்ததாக ஒரு கதையும் உண்டு. இன்றும் ஒட்டுப்போடுவது நின்றபாடில்லை. அப்டேட் என்று நாம் சொல்வது அதைத்தான்.

எதற்காக இந்த வேலை என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 மார்ச் 7-ஆம் தேதி, அப்பாச்சி அமைப்பின் இன்னொரு மென்பொருளான ஸ்ட்ரட்ஸில் ஓட்டை இருப்பதாக அறிவித்து, அன்றே ஒட்டும் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியில் அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். மே மாதம் திருடர்கள் அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தார்கள். கண்டுபிடித்தது ஜூலை கடைசியில். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின. ஒட்டு வெளியான நாளே ஓட்டை இருக்கும் இடத்தைத் திருடனுக்கும் சொல்லிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று முதல் நாமும் அவனும் ஒரே ஓட்டப் பந்தயத்தில்தான்.

சரி, வேலைக்கு வருவோம். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் என்ற வழியில் சர்வருக்குள் போகிறேன். கறுப்புத் திரை வரும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, எழுத்து மட்டும்தான். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் "டிமக்ஸ்" என்று அடிப்பேன். மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்டும் கேபிளும் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்டேட் பாதியில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் வேலையும் பாதியில் தொங்கும். டிமக்ஸுக்குள் செய்தால், நம் பக்கம் அறுந்தாலும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். திரும்பப் போய் "டிமக்ஸ் அட்டாச்" என்றால் விட்ட இடத்தில் திரை நிற்கும்.

அடுத்தது நகல். அப்பாச்சியின் அமைப்புக் கோப்புகள் "ஈடிசி" என்ற அடைவுக்குள் "அப்பாச்சி2" என்ற பெயரில் இருக்கின்றன. அவற்றையும் வரன் பகுதியின் தரவுத்தளத்தையும் நகலெடுத்து வேறு இடத்தில் வைக்கிறேன். வாடகைக் கம்பெனியின் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது; முழுக் கம்ப்யூட்டரையும் அந்த நிமிடத்தில் இருந்தபடி படம் பிடித்து வைக்கும். ஏதாவது கோளாறானால் பழைய நிலைக்கே திரும்பலாம். சிக்னல் வேலையில் இந்த வசதி எங்களுக்குக் கனவிலும் கிடைத்ததில்லை.

பிறகு "சூடோ ஆப்ட் அப்டேட்". பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது எதையும் மாற்றாது. என்னென்ன புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன என்று பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். "ஆப்ட் லிஸ்ட்" என்பதோடு இரண்டு சிறு கோடும் "அப்கிரேடபிள்" என்பதும் சேர்த்து அடித்தால் பட்டியல் கண் முன்னே வரும். அதை நிதானமாகப் படித்த பிறகுதான் "சூடோ ஆப்ட் அப்கிரேட்". உண்மையில் மாற்றுவது இந்தக் கட்டளைதான்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். உபுண்டு 22.04 ஓடும் சர்வரில் "அப்பாச்சி2", இடைவெளி, சிறு கோடு, "வி" என்று அடித்துப் பார்த்தால் 2.4.52 என்று காட்டும். அது 2021 டிசம்பரில் வந்த பதிப்பு. அப்டேட் செய்த பிறகும் அதே எண்தான் இருக்கும்! பயப்பட வேண்டாம். உபுண்டுக்காரர்கள் புதுப் பதிப்பை அப்படியே தருவதில்லை. புதிதில் வந்த பாதுகாப்பு ஒட்டை மட்டும் வெட்டி எடுத்து, பழைய பதிப்பிலேயே தைத்துத் தருகிறார்கள். பொட்டலத்தின் முழு எண்ணைப் பார்த்தால் வால் பகுதி மாறியிருப்பது தெரியும்.

இந்தப் பழமைவாதத்தில் ஒரு லாபமும் உண்டு. 2021 செப்டம்பரில் அப்பாச்சி 2.4.49 வெளியானது. அதில் முகவரியைச் சரிபார்க்கும் பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார்கள். அந்தத் திருத்தத்திலேயே ஓட்டை! புள்ளி எழுத்துகளைக் குறியீடாக மாற்றிக் கேட்டால், வெளியாள் வெப்சைட் அடைவைத் தாண்டி வேறு கோப்புகளையும் படித்துவிட முடிந்தது. அக்டோபர் 4-ல் 2.4.50 வந்தது, அது பாதி ஒட்டுதான். மூன்றே நாளில், அக்டோபர் 7-ல், 2.4.51 விட வேண்டி வந்தது. அப்போது உபுண்டு 20.04-ல் 2.4.41-ஐ வைத்திருந்தவர்களுக்கு இந்த ஓட்டையே இல்லை. ஆகவே புதிது வந்தவுடன் தானே மூலத்திலிருந்து தொகுத்துப் போடுகிறேன் என்று இளைஞர்கள் யாராவது சொன்னால், வேண்டாம் தம்பி என்றுதான் நான் சொல்வேன்.

அப்கிரேட் ஓடும்போது நடுவில் ஒரு கேள்வி வந்து நிற்பதுண்டு. "இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், நாங்களும் புதியது கொண்டு வந்திருக்கிறோம், எது வேண்டும்?" என்று. அவசரத்தில் "ஒய்" அடித்தால் புதியது உட்கார்ந்துகொள்ளும்; நாம் எழுதி வைத்த தடைகள், பூட்டுகள் எல்லாம் ஒதுங்கிவிடும். "டி" அடித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாகக் காட்டும். பார்த்துவிட்டு "என்" அடித்தால் நம்முடையதே நிற்கும். வெறும் என்டர் தட்டினாலும் நம்முடையதே நிற்கும்.

முடிந்ததும் "சூடோ அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்". "சின்டாக்ஸ் ஓகே" என்று பதில் வந்தால் எழுத்துப் பிழை இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

பிறகு "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2". இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2014 ஏப்ரல் 7-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. ரகசியச் செய்திகளைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தில், ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்திலிருந்து வெளியாள் உருவிக்கொள்ளலாம் என்ற நிலை. ஒட்டுப் போட்டால் மட்டும் அது தீராது. டிஸ்க்கில் புதிய நூலகம் வந்திருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி தன் நினைவில் ஏற்றி வைத்திருக்கும் பழையதையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். புதிய விதிப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டோம், டூட்டியில் இருக்கும் மாஸ்டர் பழையதை மனப்பாடமாக வைத்தே வண்டி விடுகிறார் என்றால் எப்படி? அவரை மாற்றி வேறு ஆளை உட்கார வைக்க வேண்டும். ரீஸ்டார்ட் அதுதான். அப்பாச்சி பொட்டலம் மாறினால் உபுண்டு பெரும்பாலும் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும். நூலகம் மட்டும் மாறும்போதுதான் கவனம் தேவை.

கடைசியாகச் சோதனை. ரயில்வேயில் பாயிண்ட் பராமரிப்பு செய்ய வேண்டுமானால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்க வேண்டும். முடிந்ததும் சோதித்த பிறகே ரீகனெக்‌ஷன் மெமோ. அந்தச் சோதனையில் ஒன்று, தண்டவாளத்துக்கும் பாயிண்ட் நாக்குக்கும் நடுவே 5 மி.மீ. தகடு வைத்துப் பார்ப்பது. அப்போது பாயிண்ட் பூட்டக் கூடாது. பூட்டினால் ஆபத்து. பூட்ட வேண்டியது பூட்டுகிறதா என்பதோடு, பூட்டக் கூடாதபோது பூட்டாமல் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவில் பஹானகா பஜாரில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குக் காரணம், சிக்னல் சர்க்யூட்டை மாற்றிய வேலைகளில் நேர்ந்த குறைபாடுகள் என்று பாதுகாப்பு ஆணையர் விசாரணையில் முடிவானது. மாற்றுவதை விடச் சோதிப்பதுதான் பெரிய வேலை என்று எங்கள் காலத்துப் பெரியவர்கள் எங்களைத் திட்டித் திட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது.

எனவே "கர்ல்" என்ற கட்டளையால் முகப்புப் பக்கத்தைக் கேட்டு 200 என்ற எண் வருகிறதா என்று பார்க்கிறேன். அடுத்து, லாகின் இல்லாமல் வரன் பகுதியின் உள்பக்கத்தைக் கேட்கிறேன். 403 அல்லது 401 வந்து, கதவைச் சாத்த வேண்டும். அங்கேயும் 200 வந்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. நகல் எடுத்த இடத்தையும் வெளியிலிருந்து கேட்டுப் பார்ப்பது வழக்கம். பிறகு பத்து நிமிடம் பிழைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு கட்டன் சாயா.

மாதத்துக்கு ஒரு தடவை போதுமா என்றால், போதாது. அவசரப் பாதுகாப்பு ஒட்டுகளை "அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்" என்ற பொட்டலம் தினமும் தானே போட்டுவிடுகிறது. நான் உட்காருவது அது விட்டதைப் போடவும், செய்ததைச் சரிபார்க்கவும்தான். உபுண்டு 20.04-க்கு வழக்கமான இலவச ஒட்டுகள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. பழைய சர்வர் வைத்திருக்கும் சகோதரச் சங்கங்கள் இதை உடனே பார்ப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் கைட் நிறுவனம் கொடுத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டதுதான். இதே "ஆப்ட்" அங்கேயும் இருக்கிறது. பழக நினைப்பவர்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு, அதில் அப்பாச்சியை நிறுவி, பத்து முறை கெடுத்துப் பத்து முறை சரிசெய்து பாருங்கள். எனக்கடுத்து இந்தச் சாவியை வாங்கிக்கொள்ள இருவராவது வேண்டும் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளும் கொடுக்கலாம்.