நுரையில் சிக்கும் அழுக்கு: கடல்நீர் மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்குமுன்

மாணவர்களே, உங்கள் வீட்டில் ரப்பர் தோட்டத்து ஆலையில் வேலை செய்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இன்று மாலை அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "பாலை உறைய வைக்கும்போது மேலே கட்டும் நுரையை என்ன செய்வீர்கள்?" வழித்து எடுத்துவிடுவோம் என்பார்கள். மரத்திலிருந்து வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்துக் கலக்கும்போது மேலே நுரை திரளும். அதை அப்படியே விட்டால் ஷீட்டுக்குள் குமிழிகள் தங்கிவிடும், ஷீட்டின் தரமும் விலையும் இறங்கிவிடும். மலாயாவில் வணிக முறையில் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் இருந்தது. 1896இல் அதைத் தொடங்கியவர் தான் சாய் யான். ஆகவே நுரை வழிப்பது நம் ஊருக்கு ஒன்றும் புதிய வேலை அல்ல.

வெறும் தண்ணீரைக் கலக்கினால் நுரை வந்த நொடியிலேயே மறைந்துவிடுகிறது. ரப்பர் பாலில் ஏன் நிற்கிறது? பாலில் இருக்கும் புரதம்தான் முக்கியக் காரணம். அடுப்பில் பருப்பு கொதிக்கும்போது அம்மா கரண்டியால் அள்ளிப் போடும் நுரையிலும் புரதம் உண்டு. தே தாரேக்கின் மேலே நிற்கும் நுரைக்கும் பாலிலுள்ள புரதமே காரணம். கிளேபாங் கடற்கரையில் காற்று பலமாக வீசும் நாளில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் பழுப்பு நுரையைப் பார்த்திருப்பீர்கள். கடலில் செத்து மட்கிய உயிர்களிடமிருந்து கரைந்து வந்த பொருள்கள் அதில் இருக்கின்றன.

கடல் தன் அழுக்கில் கொஞ்சத்தை இப்படி நுரையாகக் கரையில் தள்ளுகிறது. அந்த வேலையை வீட்டுத் தொட்டியில் செய்யும் கருவிதான் புரோட்டீன் ஸ்கிம்மர். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பார்த்து ஆசைப்பட்டு, கடல்நீர்த் தொட்டி வைக்க நினைக்கும் எவரும் கடையில் முதலில் கேட்கும் பெயர்களில் இதுவும் ஒன்று. விலை நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகிறது. தவறாக வாங்கினால் அப்பாவின் பணம் போகும், மீனும் போகலாம். அதனால் கடைக்குப் போகுமுன் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது.

மீன் கழிக்கிறது, தின்னாத உணவு ஊறுகிறது. அவற்றிலிருந்து புரதமும் கொழுப்பும் போன்ற கரிமப் பொருள்கள் நீரில் கரைகின்றன. பாக்டீரியா அவற்றைச் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. பிறகு அது நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. சிதைவதற்கு முன்பே புரதத்தைப் பிடித்து வெளியே போட்டுவிட்டால் பாக்டீரியாவின் வேலை குறையும். ஸ்கிம்மர் செய்வது இவ்வளவே. உண்டாகிவிட்ட அமோனியாவையும் நைட்ரேட்டையும் அதனால் பிடிக்க முடியாது. அவை நீரில் முழுவதுமாகக் கரைந்து கிடப்பவை. குமிழியில் ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு நாட்டமில்லை.

புரதத்துக்கு மட்டும் அந்த நாட்டம் எப்படி வந்தது? ஒரு புரத மூலக்கூற்றில் சில பகுதிகள் நீரை விரும்பும், சில பகுதிகள் நீரிலிருந்து விலகி ஓடப் பார்க்கும். காற்றுக் குமிழியின் ஓரம்தான் இரண்டுக்கும் ஏற்ற இடம்: ஒரு பக்கம் நீருக்குள், மறுபக்கம் காற்றை நோக்கி. அங்கே போய் ஒட்டிய மூலக்கூறு எளிதில் விடுவதில்லை. குமிழி மேலே ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறுகிறது. குமிழியின் சுவரும் உறுதியாகிறது. ஸ்கிம்மரின் குறுகிய கழுத்தில் குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கி ஏற, இடையிலுள்ள நீர் வடிந்து இறங்கிவிடுகிறது. அழுக்கு நுரை மட்டும் மேலேயுள்ள கிண்ணத்தில் வழிகிறது.

நீர்ப்பரப்பில் இப்படி ஒட்டும் பொருள்களை முதலில் துல்லியமாக அளந்தவர்களில் ஒருவர் ஆய்வுக்கூடமே இல்லாத ஒரு பெண். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க வழியில்லாமல் வீட்டு வேலைகளைக் கவனித்து வந்தவர். சமையலறையில் அவராகவே ஒரு தகரத் தொட்டியைச் செய்து, நீர்ப்பரப்பில் அழுக்கு படியும்போது பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1891இல் அதைக் கடிதமாக எழுதி ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலீ பிரபுவுக்கு அனுப்பினார். ரேலீ அதை 'நேச்சர்' இதழில் அதே ஆண்டு வெளிவரச் செய்தார். பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவருக்கு விஷயம் அங்கேதான் கிடைத்தது.

இப்போது தேர்வுக்கு வருவோம். முதல் அளவுகோல் குமிழியின் அளவு. படிவம் 4 மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். கோளத்தின் பரப்பை அதன் கன அளவால் வகுத்தால் விடை 6 வகுத்தல் விட்டம். ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் குமிழிகளாக விட்டால், அவற்றின் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர். அதே காற்றை அரை மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 12 சதுர மீட்டர். அதாவது 3 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள ஒரு படுக்கையறையின் தரை. புரதம் ஒட்ட இடம் பத்து மடங்கு! சின்னக் குமிழி மெதுவாகவே ஏறும் என்பதால் ஒட்டுவதற்கு நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது.

சின்னக் குமிழி சின்னதாகவே இருக்கவேண்டும் என்றால் உப்பு தேவை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு தெளிவான போத்தல்களில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். அது ஏறக்குறைய கடல்நீரின் உப்பளவு. மூடியை இறுக்கி இரண்டையும் ஒரே நேரத்தில் பத்து விநாடி குலுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். சாதாரண நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடனே ஓடிவிடும். உப்பு நீரில் அவை எளிதில் சேர்வதில்லை. நீர் சற்று நேரம் பனிமூட்டம் போல வெளுத்து நிற்கும். நன்னீர் மீன் தொட்டிக்கு யாரும் ஸ்கிம்மர் வாங்காததற்கு இதுவே முக்கியக் காரணம். உங்கள் கப்பி மீனுக்கும் தங்கமீனுக்கும் அது வேண்டாம்.

கருவிகளில் பல வகை உண்டு. மலிவானது, காற்று பம்புடன் மென்மரத் துண்டு ஒன்றை இணைத்து நுண்குமிழி விடுவது. சிறிய தொட்டிக்கு அது போதும். ஆனால் மரத்தின் துளைகள் அடைபடும், அடிக்கடி மாற்றவேண்டும். இன்று அதிகம் விற்பது, பம்பின் சுழலியில் ஊசி ஊசியாகப் பற்கள் வைத்து, உள்ளே இழுத்த காற்றை நறுக்கித் தள்ளும் வகை. தொட்டியின் பின்புறம் மாட்டுவது ஒரு வடிவம். கீழே அலமாரிக்குள் இருக்கும் 'சம்ப்' எனும் துணைத் தொட்டியில் வைப்பது இன்னொன்று. சம்பில் வைப்பதானால் அளவுநாடாவோடு கடைக்குப் போங்கள். கருவி உள்ளே போனால் மட்டும் போதாது, கிண்ணத்தை மேலே தூக்கிக் கழற்றவும் இடம் வேண்டும். பலர் இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இணையத்தில் வெளிநாட்டுக் கருவி வாங்குகிறவர்கள் பம்பின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. இந்த வகைச் சிறு பம்புகள் பலவற்றில் சுழலியின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது: 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றுவது இங்கே 3,000தான் சுற்றும். காற்று குறையும், குமிழி மாறும். அமெரிக்க 120 வோல்ட் பம்பை நம் சுவரில் நேரடியாகச் செருகினாலோ சோதனையே வேண்டாம், புகை வந்துவிடும். நீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் சிரிம் முத்திரை உள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள். மின்கட்டணத்தையும் பாருங்கள். 12 வாட் பம்பு இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 8.64 யூனிட், 25 வாட் என்றால் 18 யூனிட்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "500 லிட்டர் வரை" என்று போட்டிருப்பார்கள். என் கருத்தில், கடையில் பார்ப்பவற்றில் மிகக் குறைவாக நம்பவேண்டியது இந்த எண்ணைத்தான். இதை அளக்க எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொதுமுறை ஒன்றும் இல்லை. அதோடு, அழுக்கைப் போடுவது லிட்டர் அல்ல, மீன். இருநூறு லிட்டரில் இரண்டு கோமாளி மீன் இருக்கும் தொட்டியும், அதே இருநூறு லிட்டரில் எட்டு மீன் இருந்து நாளுக்கு மூன்று வேளை தீனி போடும் தொட்டியும் ஒன்றாகுமா? மீனை எண்ணுங்கள், தீனியை எண்ணுங்கள், அதற்குப் பிறகு கருவியைப் பாருங்கள்.

பெரிதாக வாங்கிவிட்டால் பயமில்லை என்று நினைப்பதும் சரியல்ல. அகலமான கழுத்தை நிரப்பும் அளவுக்குப் புரதம் தொட்டியில் இல்லாவிட்டால் நுரை பாதி வழியில் ஏறி உடைந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கிண்ணம் நாள்கணக்கில் காலியாகக் கிடக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009இல் சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரில் கரைந்திருந்த கரிமப் பொருளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எதுவும் அகற்றவில்லை. எஞ்சியது குமிழியில் ஒட்டாத வகை. மாடலுக்கு மாடல் விலையில் இருந்த அளவுக்கு வேலையில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எந்த ஸ்கிம்மர் வைத்தாலும் வாரந்தோறும் கொஞ்சம் நீர் மாற்றுவது நிற்காது. தொட்டி நூறு லிட்டருக்குக் கீழே, மீன் ஒன்றிரண்டு என்றால் நான் ஸ்கிம்மரே வாங்கச் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல கடலுப்பும், உப்பளவு காட்டும் கருவியும் வாங்கி வாரம் பத்து லிட்டர் மாற்றினால் போதும்.

ஆனால் நம் வெயிலில் ஸ்கிம்மருக்கு இன்னொரு பயன் உண்டு. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கடல்நீர் 25 பாகையில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 பாகையில் 6.2தான். மலாக்காவில் குளிரூட்டி இல்லாத வீட்டில் மதியம் தொட்டி நீர் 30 பாகையை எளிதில் தொடும். நாள் முழுக்கக் காற்றையும் நீரையும் கலக்கும் கருவி அங்கே மீனுக்கு மூச்சுக் கொடுக்கிறது.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? உங்கள் வரவேற்பறையிலிருந்து. அறையில் கொசுவர்த்தி ஏற்றினாலோ கொசு மருந்து அடித்தாலோ ஸ்கிம்மர் அதையும் உறிஞ்சி நுண்குமிழியாக்கி நீரில் கலந்துவிடும். புரதம் ஒட்ட உதவிய அதே 12 சதுர மீட்டர் இப்போது நஞ்சு கரையவும் உதவும். தாமானில் டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அந்தப் புகையிலுள்ள பூச்சிக்கொல்லி மீனுக்குக் கடும் நஞ்சு. புகை வண்டியின் சத்தம் கேட்டதும் ஸ்கிம்மரையும் காற்று பம்பையும் நிறுத்துங்கள். நீரைச் சுற்றவிடும் பம்பு மட்டும் ஓடட்டும். தொட்டியைத் துணியாலோ பிளாஸ்டிக்காலோ மூடுங்கள். புகை கலைந்து, வீட்டைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகு மீண்டும் போடுங்கள்.

வாங்கி வைத்ததும் நுரை வரவில்லை என்று கடைக்கு ஓடவேண்டாம். புதிய பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போகச் சில நாள்கள், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். பிறகு கிண்ணத்தில் சேர்வது கடுந்தேநீர் நிறத்தில், நாற்றத்தோடு இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது. வெளிறிய நீராக நிறைந்தால் ஸ்கிம்மருக்குள் நீர்மட்டம் கூடிவிட்டது, திருகைச் சற்றுக் குறைக்கவேண்டும். கழுத்தின் உள்சுவரில் படியும் பிசுக்கு நுரையை உடைக்கும். ஆகவே வாரம் இரண்டு முறை துணியால் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

வெறும் தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை நான் கிண்ணம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்து, அரைகுறையாக அலசி மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் கிண்ணம் வழிந்து, அலமாரி நனைந்து, கூடத்தில் உப்புத் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. அம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்.