தாடைக்குள் ஒரு செயற்கைத் துண்டு

முகவாய்க்கட்டை சற்று உள்ளடங்கியிருந்தால், கண்ணும் மூக்கும் எத்துணைத் திருத்தமாக அமைந்திருந்தாலும் பக்கவாட்டுப் புகைப்படத்தில் அக்குறையே முதலில் தெரியும். எலும்பின்மேல் ஒரு செயற்கைத் துண்டைப் பொருத்தி அதை நிறைவு செய்யும் அறுவை சிகிச்சை இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அழகுக்காகக் கத்தியை நாடலாமா என்ற பட்டிமன்றத்திற்குள் நான் நுழையவில்லை. நாடுபவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதே இங்குப் பொருள்.

எதிர்பார்க்கக் கூடாததை முதலில் கூறிவிடுகிறேன். இத்துண்டு வெளித் தோற்றத்தை மட்டுமே மாற்றும். மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் பொருந்தாதவருக்கு அப்பொருத்தம் வந்துவிடாது. தாடை சிறுத்து, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவருக்கும் இதனால் பயனில்லை. அத்தகையோர்க்குத் தாடையெலும்பையே வெட்டிப் பல்வரிசையோடு முன்னே நகர்த்தும் சிகிச்சை உண்டு. கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து நகர்த்தும் முறையை டிரானர், ஓப்வெகேசர் என்னும் மருத்துவர்கள் 1957-இல் விளக்கி எழுதினர். பல திருத்தங்களுடன் அது இன்றும் கையாளப்படுகிறது. ஆகவே பல் பொருத்தத்தைச் சோதிக்காமலே துண்டு வைக்க முன்வரும் மருத்துவரிடம் சற்றுத் தயங்குவதே நலம்.

துண்டு பெரும்பாலும் சிலிகானால் ஆனது. நுண்துளைகள் நிறைந்த பாலிஎதிலீனும் பயன்படுகிறது. சிலிகானைச் சுற்றி உடல் ஓர் உறையை உண்டாக்கும். வேண்டாமென்றால் எளிதில் எடுத்துவிடலாம். மற்றதன் துளைகளுக்குள் திசு வளர்ந்து இறுகப் பற்றிக்கொள்ளும். அசையாது என்பது அதன் நன்மை. எடுப்பது கடினம் என்பது அதன் தொல்லை.

விலங்கியல் ஆய்வகத்தில் மனித மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், கீழ்த்தாடையின் முன்புறம் பக்கத்திற்கொரு சிறு துளை இருப்பதைக் கண்டிருப்பார்கள். கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகத்தான் வெளிவருகிறது. கீழுதட்டின் உட்புறமோ, மோவாயின் அடியிலோ கீறி, அந்நரம்பின் அருகேதான் துண்டை நுழைக்கிறார்கள். அதனால் உதடு மரத்துப்போவது சாதாரணம். தேநீர் உதட்டில் வழிவதுகூடத் தெரியாது! சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், உணர்ச்சி திரும்பும். மிகச் சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. கையெழுத்திடும் முன் கேட்டறிய வேண்டியது இதுவே.

முதல் சில நாட்கள் வீக்கம் கடுமையாக இருக்கும். கஞ்சி, கூழ் போன்ற மென்மையான உணவே ஏற்றது. தாடையின் பின்மூலையில் துண்டு வைத்தால், மெல்லும் தசையை விலக்க வேண்டியிருப்பதால் சில வாரங்கள் வாயை முழுதாகத் திறக்க இயலாது. கண்ணாடியைப் பார்த்து, 'முகம் பெருத்துவிட்டதே' என அஞ்ச வேண்டா. பெரும்பகுதி வீக்கம் இரண்டு மூன்று வாரங்களில் வடியும். இறுதித் தோற்றம் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

புண்ணில் சீழ் வைத்தால், மருந்துக்கு அடங்காதபோது துண்டையே அகற்ற நேரிடும். புகைபிடிப்பவர்க்கு இவ்விடர் மிகுதி. துண்டு அழுத்துமிடத்தில் எலும்பு சற்றே தேய்வதும் உண்டு. எனவே பொருத்திய துண்டின் வகையும் அளவும் குறித்த சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் அதை எடுக்கப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.