பாதாளத்திலே ஒரு கோப்பைத் தேநீர்

உலகம் ஒரு நாள் அழியும் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. ஊழி என்றும் பிரளயம் என்றும் அதற்கு நம் முன்னோர் பெயரிட்டு வைத்தனர். ஆயின், அவர் கூறிய ஊழியிலே அழிப்பவன் இறைவன். அழிந்தவற்றை மீளப் படைப்பவனும் அவனே. இக்காலத்தார் அஞ்சும் ஊழியோ மனிதன் தன் கையாலேயே தேடிக்கொள்வது. அணுகுண்டினால் நாடு நகரங்கள் அழிந்த பின்னர், எஞ்சிய மக்கள் எவ்வாறு வாழ்வர் என்று எண்ணிக் கதை எழுதினோர் பலர். இன்று அதனை விளையாட்டாகவும் ஆக்கிவிட்டனர். அவ்விளையாட்டு நம் மலையகத்து லயத்துக்குள்ளும் புகுந்துவிட்டதை நாம் அறிந்துகொண்ட வரலாற்றை வாசகர்க்குக் கூற விரும்புகின்றோம்.

மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கோயாவுக்கு அப்பால் உள்ளதொரு தோட்டத்திலே வாழும் எம் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். குடையை மடக்கு முன்னரே முறைப்பாடு தொடங்கிற்று.

"அண்ணே, நீங்களாவது இவனைக் கேளுங்க. உயர்தரப் பரீட்சையை வச்சுக்கிட்டு, எந்நேரமும் சுடுறதும் சாகிறதுமா இருக்கான்."

உள்ளே, பிறர் பாவித்து விற்ற பழைய கணினி ஒன்றின் முன் எம் மருமகன் அமர்ந்திருந்தான். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு அறிவுரை நாவின் நுனியிலேயே இருக்கும். நாமும் தொடங்கினோம். அவன் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "மாமா, ஒரு தடவை நீங்களே விளையாடிப் பாருங்க. அதுக்குப் பிறகு ஏசுங்க," என்றான். நியாயமான வேண்டுகோள். படியாத நூலைப் பழித்துரைத்தல் ஆகாது என வகுப்பிலே நாம் கூறுவதுண்டு. அவ்வுரை அன்று எம்மையே திருப்பித் தாக்கிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தோம்.

அவ்விளையாட்டின் பெயர் 'மெற்றோ 2033'. டிமித்ரி குளுகோவ்ஸ்கி என்னும் ரஷ்ய எழுத்தாளர் 2002-ம் ஆண்டிலே இணையத்தில் வெளியிட்டு, 2005-ம் ஆண்டிலே நூலாக அச்சேறிய நாவலே இதற்கு மூலம். உக்ரேன் நாட்டின் தலைநகராகிய கீவிலே தோன்றிய ஃபோர் ஏ கேம்ஸ் என்னும் நிறுவனத்தார் 2010-ம் ஆண்டிலே அதனைக் கணினி விளையாட்டாக வெளியிட்டனர். இவ்வகை விளையாட்டிலே, ஆடுபவன் கதைத்தலைவனை வெளியே நின்று பார்ப்பதில்லை. அவனுடைய கண்களாலேயே பார்க்கின்றான். திரையிலே தன் கைகளும் அவை ஏந்திய துப்பாக்கியுமே தெரியும். 1993-ம் ஆண்டிலே வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று.

கதை இதுவே. 2013-ம் ஆண்டிலே பேரணுப்போர் ஒன்று மூண்டதாகக் கற்பனை. மொஸ்கோ நகரம் பாழாயிற்று. மேல்நிலத்துக் காற்றும் நஞ்சாயிற்று. அவ்வேளையிலே நிலத்தடி ரயில் நிலையங்களுக்குள் புகுந்துகொண்டவர்களே உயிர் தப்பினர். இருபது ஆண்டுகளாக அவர்கள் கதிரவனைக் காணாது அப்பாதாளத்திலேயே வாழ்கின்றனர். ஒவ்வொரு நிலையமும் ஒரு குட்டி அரசு. இக்கற்பனைக்கு அடிப்படையும் உண்டு. 1935-ம் ஆண்டிலே திறக்கப்பெற்ற மொஸ்கோச் சுரங்க ரயில் நிலையங்கள், 1941-ம் ஆண்டிலே ஜெர்மானியர் குண்டு வீசியபோது மெய்யாகவே மக்களுக்குப் புகலிடமாயின.

கதைத்தலைவனாகிய ஆர்தியோம் என்னும் இளைஞன் வெ-டெ-என்-ஹா என்னும் நிலையத்தைச் சேர்ந்தவன். மருமகன் இதனை விளக்கிக்கொண்டிருக்கையில், அடுப்படியிலிருந்து எம் அன்னையாரும் வந்து அமர்ந்துகொண்டார். முப்பதாண்டு காலம் கொழுந்து பறித்தவர் அவர்.

"அம்மாயி, இவன் ஊரும் நம்ம ஊர் மாதிரித்தான். தேத்தண்ணிக்குப் பேர் போன ஊரு," என்றான் பேரன்.

"அங்கயும் தோட்டம் இருக்கா?"

"தோட்டம் எல்லாம் இல்ல. வெயிலே படாத எடம். காளான்ல தேத்தண்ணி போட்டு விக்கிறாங்க."

அன்னையார் நெடுநேரம் சிரித்தார். "உலகமே அழிஞ்சாலும் அவங்களுக்குத் தேத்தண்ணி வேணுமாக்கும். அப்ப அதுக்கும் யாரோ ஒருத்தி எங்கயோ நின்னு வேலை செய்யத்தானே வேணும்!"

அவர் கூறியது சரியே. நாவலிலே அந்நிலையத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் ஆர்தியோமும் தன் முறைக்கு வேலை செய்கின்றான். 1867-ம் ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் நட்ட செடி, நம் குன்றுகளையெல்லாம் மூடிற்று. அதன் கொழுந்து ரஷ்யரின் மேசைக்கும் நெடுங்காலமாகச் சென்றுகொண்டிருக்கின்றது. கொழுந்தும் கப்பலும் இல்லாத காலத்தைக் கற்பனை செய்த எழுத்தாளரும் தேநீரை மட்டும் விட்டுவிட மனம் ஒப்பினாரில்லை.

இனி எமது வீரத்தைக் கூறுவோம். முதற் சில நிமிடங்களுக்குள்ளேயே நாம் இறந்துபட்டோம். மீண்டும் தொடங்கினோம், மீண்டும் இறந்தோம். மூன்றாம் முறை, மேல்நிலத்திலே முகமூடி அணிய மறந்து மூச்சுத் திணறினோம். அம்முகமூடியின் வடிகட்டி சில நிமிடங்களுக்கே பயன்படும். எஞ்சிய நேரத்தைக் கைக்கடிகாரம் காட்டும். அடிபட்டால் கண்ணாடி விரிசல் விடும். கைவிளக்கு மங்கினால் சிறு கருவியொன்றைக் கையால் அமுக்கி அமுக்கி மின்னேற்ற வேண்டும். எல்லாவற்றினும் விந்தையானது அவ்வுலகத்து நாணயம். போருக்கு முன் செய்த நல்ல தோட்டாக்களே அங்கே காசு. அவற்றைச் சுடவுஞ் செய்யலாம். ஆயின், ஒவ்வொரு சூட்டுக்கும் கைப்பணம் கரைந்து போகும். கண்மூடித்தனமாகச் சுடுபவன் பிச்சைக்காரனாவான்.

இப்பஞ்ச வாழ்க்கை எம் மருமகனுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 2022-ம் ஆண்டிலே நம் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், மண்ணெண்ணெய்க்கு வரிசையிலே நின்றதையும், குப்பி விளக்கிலே படித்ததையும் அவனே நினைவூட்டினான்.

மேல்நிலத்துப் பகுதியை அவன் ஆடத் தொடங்கினான். பனி மூடிய தெருக்கள், இடிந்த மாடிகள், கதவற்ற வாயில்கள். அன்னையார் திரையை உற்று நோக்கிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"இத்தனை வீடு கெடக்கே. அதில இருந்த சனமெல்லாம் எங்க?"

மருமகன் விளையாட்டை நிறுத்தினான். "அது தெரியாது அம்மாயி," என்றவன், சற்றுப் பொறுத்து எம்மைப் பார்த்து, "மேல் லயம் மாதிரி இருக்கு மாமா. அதனால இந்த இடம் வந்தா நான் நிக்காம ஓடிடுவேன்," என்றான்.

எம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. 2025-ம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்தபோது, மலையகத்தின் பல இடங்களிலே மண் சரிந்து வீடுகள் புதையுண்டன. எம் தங்கை குடும்பத்தாரும் நள்ளிரவிலே வெளியேறிப் பாடசாலை மண்டபம் ஒன்றிலே தங்கினர். அவர்கள் லயம் தப்பிற்று. அதற்கு மேலேயுள்ள லயத்திலே ஒரு பாதி தப்பவில்லை. 2014-ம் ஆண்டு ஒக்டோபர் 29-ம் திகதி, கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணுள் மறைந்த துயரத்தையும் நம்மவர் மறந்திலர். பாழடைந்த வீடு சிலர்க்குத் திரைக்காட்சி. வேறு சிலர்க்கு அயல்வீடு.

இவ்விளையாட்டைச் செய்தோரும் இதனை அறியாதவரல்லர். அவருட் சிலர், முன்னர்க் கீவிலேயே வேறொரு நிறுவனத்தில், 2007-ம் ஆண்டிலே வெளிவந்த 'ஸ்டோக்கர்' என்னும் விளையாட்டுக்காக உழைத்தவர். அவ்விளையாட்டிலே வரும் பாழ்நகரம் பிரிபியாத் என்னும் மெய்யான ஊர். 1986-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் திகதி செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாள் ஏறக்குறைய 49,000 பேர் பிரிபியாத்தை விட்டு அகற்றப்பட்டனர். அவர்கள் மீண்டு வந்து குடியேறவில்லை.

கற்பனை அத்தோடு நிற்கவில்லை. 2022-ம் ஆண்டு பெப்ரவரி 24-ம் திகதி ரஷ்யப் படை உக்ரேன் மீது பாய்ந்தபோது, கீவ் நகர மக்கள் குழந்தைகளோடும் பாயோடும் படுக்கையோடும் தம் ஊர் நிலத்தடி ரயில் நிலையங்களிலே தஞ்சம் புகுந்தனர். விளையாட்டைச் செய்தவர்களின் நகரமே விளையாட்டுப் போலாயிற்று. கதையை எழுதிய ரஷ்யரோ அப்போரைக் கண்டித்தமைக்காகத் தேடப்படுவோர் பட்டியலிலே சேர்க்கப்பட்டார். 2023-ம் ஆண்டிலே மொஸ்கோ நீதிமன்றம் ஒன்று, அவர் முன்னிலையில் இல்லாமலே எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்விளையாட்டிலே எமக்கு வியப்பூட்டியது பிறிதொன்று. எத்தனை பேரைச் சுட்டான் என்பதைவிட, வேறொரு கணக்கை அது மறைவாக எழுதி வருகின்றது. வழியிலே நின்று மனிதர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டானா? இரந்தவனுக்கு ஒரு தோட்டாவேனும் ஈந்தானா? திக்கற்ற சிறுவனைத் தோளிலே சுமந்து தாயிடம் சேர்த்த பின், அவள் கொடுக்கும் கூலியை வேண்டாமென்றானா? இக்கணக்கு ஆடுபவனுக்குக் காட்டப்படுவதில்லை. நம் சித்திரகுப்தனார் ஏடு போன்றதுதான் இதுவும். போதிய புண்ணியம் சேர்த்தவனுக்கே இறுதியிலே ஒரு தெரிவு கிடைக்கும்: பகைவர் என்று எல்லோரும் அஞ்சிய 'கருப்பர்' கூட்டத்தைக் குண்டு வீசி அழிக்காது விடலாம். அவர்கள் போருக்கல்ல, சமாதானம் பேசவே வந்தவர் என்பது அவனுக்கே புலப்படும். ஏனையோர் அவர்களை அழித்து வெற்றி கொண்டாடுவர்.

"நீ என்ன செய்தாய்?" என்று வினவினோம்.

"முதல் தடவை தாய்கிட்டக் கூலி வாங்கிட்டேன் மாமா. கடைசியில எல்லாம் எரிஞ்சு போச்சு. இப்ப ரெண்டாவது தடவை, மெதுவாப் போறேன்."

பெற்றோரே, இவ்வளவும் கேட்டு இதனை நீதிநூல் என்று கொள்ளற்க. கொலையும் குருதியும் இதிலே மிகுதி. அமெரிக்கத் தரப்படுத்தலின்படி 17 வயது நிரம்பியோர்க்கே உரியது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாது வாழ்க்கையே சீர்குலையும் நிலையை நோயென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2022-ம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள நோய்ப் பட்டியலிலே அதுவும் இடம்பெற்றுள்ளது. ஆகவே, நேர எல்லை வேண்டும். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் என எம் மருமகனோடு உடன்பாடு செய்துகொண்டோம். ஆயின், கதவுக்கு வெளியே நின்று ஏசுவது போதாது. ஒரு முறையாயினும் அருகிலே அமருங்கள். எம் அன்னையாரின் ஒரு கேள்வி, எமது அறிவுரைகள் எட்டாத இடத்தை எட்டிற்று.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. பாழ்வீட்டைத் திரையிலே கண்டால், அங்கே மறைந்திருக்கும் பகைவனை மட்டும் தேடாதீர்கள். அங்கே வாழ்ந்தவர் யார் என்றும் கேளுங்கள்.

மழை சற்று விட்டது. தங்கை எல்லோர்க்கும் பிளேன்ரீ கொண்டு வந்து வைத்தாள். மருமகன் கணினியை அணைத்துவிட்டு, கோப்பையைக் கையில் ஏந்தியபடி வாசற்படியிலே அமர்ந்தான். மேட்டின் மீது சரிந்து கிடந்த கூரைத் தகரங்கள் அங்கிருந்து தெரிந்தன.

"அம்மாயி, மேல் லயத்தில மூணாவது வீட்டில முந்தி யாரு இருந்தாங்க?"

எம் அன்னையார் கோப்பையைக் கீழே வைத்தார். விரல்களை மடக்கி, முதல் வீட்டிலிருந்தே சொல்லத் தொடங்கினார்.