சிரிப்பு விளம்பரம் சரக்கை விற்குமா?

டெலிவிஷனில் ஒரு பஸ். கூரையிலும் ஆட்கள், பக்கத்திலும் ஆட்கள்! குண்டும் குழியுமான பாதையில் குலுங்கி ஓடுகிறது. ஒருவரும் விழவில்லை. ஏன்? பஸ்ஸின் பின்னால் பெவிகால் பசை விளம்பரப் பலகை! 2002-ல் வந்தது இது. சிரிப்போடு பசையின் குணமும் மனதில் ஒட்டியது.

வெறும் கோமாளித்தனம் என்றால்? சிரிப்பு நிற்கும், பெயர் மறந்துவிடும்.

சிரிப்பு மட்டும் போதுமா? கடலூர்க்காரர் சி. கே. ரங்கநாதனைப் பாருங்கள். 1983-ல் 15 ஆயிரம் ரூபாய் முதலில் தொழில் தொடங்கினார். அவருடைய சிக் ஷாம்புவை கிராமங்களில் ஒரு பையனின் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். ரஜினி படக் காட்சிகளிலும் விளம்பரம் செய்தார்கள். ஜனங்கள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்கள், நம்பினார்கள்.

சிதம்பரம் பெட்டிக்கடைகளில் இன்றும் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாய்த் தொங்குகின்றன. சிரிப்பு உங்களைக் கடைவரை அழைத்துவரும். மறுமுறையும் வரவழைப்பது சரக்குதான்!